கல்லில் காணி உறுதி இல்லை

திருகோணமலை நகரிலிருந்து கடலை வலக்கைப் பக்கம் வைத்து வடக்கே போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று ஊர்கள் கழிந்து சுமார் 35 கிலோமீற்றரில் குச்சவெளி வரும். அதற்கப்பால் திரியாய், புல்மோட்டை, தென்னமரவடி. அதோடு மாவட்டமும் மாகாணமும் முடிந்து, கொக்கிளாய்க் கடனீரேரிக்கு அக்கரையில் முல்லைத்தீவு தொடங்கிவிடுகிறது. இன்று குச்சவெளி பிரதேச செயலாளர் பிரிவு என்று அரசாங்கம் அழைக்கும் இந்தக் கரையோரம், முன்னாளில் கட்டுக்குளம்பற்று என்ற பெரிய நிலப்பிரிவின் கடற்பக்கம். முஸ்லிம்கள் இங்கே பெரும்பான்மையினர். தமிழரும் சிங்களவரும் உடன் வாழ்கிறார்கள். இந்த மண்ணின் மக்கள் யார் என்ற கேள்விக்கு அரசியல் மேடைகள் கொடுக்கும் விடை எப்போதும் ஒரு கல்லில் போய் முடிகிறது. எங்கள் கல் பழையது, ஆகவே நிலம் எங்களது என்பதே வாதம். அந்த வாதம் வரலாற்றின்படி தவறு என்பதையும், இந்தக் கரையின் அடையாளத்தை உண்டாக்கியவை குளமும் கடலும் கோயிலூழியமும் மனிதருக்குள் ஏற்படுத்திய கொடுக்கல் வாங்கல்களே என்பதையும் இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறேன். கிழக்கு மாகாணத்தின் அடையாளம் பற்றிய பெரிய கேள்விக்கும் விடையை இந்தச் சிறிய இடத்திலிருந்து தேடலாம். பெரிய படத்தில் மறைந்துவிடும் முரண்கள் இங்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

முதலில் கற்களையே எடுத்துக்கொள்வோம். குச்சவெளியில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை மேட்டில் ஒரு முகப்பைச் சமப்படுத்தி, சதுரக் கட்டங்களாக வகுத்து, கட்டத்துக்கு ஒன்றாகச் சிறு தூபி வடிவங்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். உப்புக்காற்று தின்றது போக எஞ்சியிருக்கும் அந்தத் தூபிகளோடு ஒரு கல்வெட்டும் உண்டு. தொல்லியலாளர் பரணவிதான அதைப் படித்து வெளியிட்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டின் மொழி சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை, சமஸ்கிருதம். இந்தப் புண்ணியத்தால் தான் புத்தநிலை அடைந்து உயிர்களின் துயர் தீர்க்க வேண்டும் என்பது அதை வெட்டுவித்தவரின் வேண்டுதல். இது மகாயான மனப்போக்கு. இன்று இலங்கையில் நிலைபெற்றிருக்கும் தேரவாதத்தோடு இதை அப்படியே ஒட்டிவிட முடியாது. வடக்கே சில கிலோமீற்றர் தள்ளித் திரியாயில், குன்றின் மேல் வட்டதாகே எனப்படும் தூபிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள பாறையில் இன்னொரு நீண்ட சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதன் எழுத்து பல்லவ நாட்டில் வழங்கிய கிரந்த எழுத்தைச் சார்ந்தது. கிரிகண்டி சைத்தியம் என்று அந்தத் தலத்தைப் புகழும் கல்வெட்டு, அதை நிறுவியவர்களாகத் திரபுஸ்ஸகர், வல்லிககர் என்ற வணிகக் கூட்டத்தாரைச் சொல்கிறது. புத்தரிடம் தலைமயிரைப் பெற்றுச் சென்ற முதல் வணிகர்கள் என்று பௌத்த மரபு சொல்லும் இருவரின் பெயர்கள் இவை. யங்கூனில் இருக்கும் ஷ்வேடகோன் தூபியின் தலவரலாறும் அதே இரு வணிகரைத்தான் சொல்கிறது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஒரே கதை வழங்குகிறது என்றால், அந்தக் கதையைச் சுமந்துபோனவை கப்பல்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனித் தமிழ்க் கற்கள். நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலை மச்சகேஸ்வரத்து மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைப் பதிவு செய்கிறது. அந்த நிலம் இருந்த இடத்தைக் கல்வெட்டு கிரிகண்ட கிரிகாமம் என்று குறிக்கிறது. திரியாய்ப் பாறையில் பௌத்த வணிகர் போற்றிய கிரிகண்டியின் சாயல் இந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது. சிவன் கோயிலுக்கு நிலம் எழுதியவர்கள் முன்னிருந்த பெயரை அழித்துவிட்டுப் புதுப்பெயர் சூட்டவில்லை. ஊரார் சொன்னதைத் தமிழில் எழுதிக்கொண்டார்கள். இதைவிட வலிய சான்று திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை. 11ஆம் நூற்றாண்டில் இராசராசப்பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்த செய்திகளைப் பத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. தமிழ் பேசியவர்கள், சோழ ஆட்சியின் கீழ், இலங்கையின் கிழக்குக் கரையில், புத்தருக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். பௌத்தம் என்றால் சிங்களம், தமிழ் என்றால் சைவம் என்று 20ஆம் நூற்றாண்டில் நாம் போட்டுக்கொண்ட சமன்பாட்டை அந்தப் பள்ளியின் வாசலிலேயே விட்டுவிட வேண்டியதாகிறது. திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் திருகோணமலைச் சிவன் தலமான கோணமாமலையைப் பதிகத்தில் பாடினார். திரியாய்க் கல்வெட்டும் அதற்கு வெகு தூரத்துக் காலத்தது இல்லை. ஒரே கரையில் இரு வழிபாடுகளும் அடுத்தடுத்து இருந்தன.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்யக்கூடாது. கல்லில் உள்ள மொழி யாருடையதாக இருந்தாலும், ஒரு சமயத்தின் சின்னங்கள் இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அந்தச் சமயத்தார் குடியிருந்திருக்க வேண்டாமா என்பார்கள். குடியிருந்திருப்பார்கள்தான். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தக் குடிகளின் பேரப்பிள்ளைகள் இன்று யார் என்பதைக் கல் சொல்லாது. ஆயிரம் ஆண்டில் மனிதர் சமயம் மாறுவார்கள், மொழி மாறுவார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், காய்ச்சலுக்கும் பஞ்சத்துக்கும் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வருவார்கள். கல்வெட்டு வெட்டுவித்தவர்கள் கொடையாளிகள். அரசர், அதிகாரி, வணிகர். அவர்களுக்குச் சோறு விளைவித்தவர்கள் கல்லில் பெயர் வைக்கும் வசதி இல்லாதவர்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கடலோர வேடர் வாழ்ந்ததை 1911இல் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் தங்கள் நூலில் விரிவாக எழுதினார்கள். தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்ந்த அந்த மக்கள் மூன்று தரப்புக்கும் முந்தியவர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு பாறையிலும் எதையும் வெட்டவில்லை. குச்சவெளியில் இன்று பெரும்பான்மையாக வாழும் முஸ்லிம்களுக்கும் அந்தப் பாறை மேட்டில் எழுத்து இல்லை. பாறையை உறுதிப்பத்திரமாக எடுத்துக்கொண்டால், பற்றின் ஆதிகுடியும் இன்றைய பெருங்குடியும் ஒருசேர நிலமற்றவர்களாகிவிடுவார்கள். ஒரு முறை இப்படியொரு முடிவைத் தருமானால் தப்பு முறையில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பிரதேசத்தை ஒரு பிரதேசமாகக் கட்டி வைத்தது எது? பழைய திருகோணமலை நான்கு பற்றுகளாக வழங்கியது: நகரத்துப் பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளம்பற்று. குளக்கோட்டன் என்ற மன்னன் திருகோணமலைக் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்து, குளம் கட்டி, தொழும்புக்குக் குடிகளை இருத்தினான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல் சொல்கிறது. குளக்கோட்டன் எந்த நூற்றாண்டு மன்னன், ஒருவனா பலரா என்பதில் அறிஞருக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் நூல் காட்டும் ஏற்பாடு முக்கியமானது. தானத்தார், வரிப்பத்தார் என்று கோயில் ஊழியம் வகுக்கப்பட்டிருந்தது. நெல்லும் எண்ணெயும் பூவும் வேலையும் பற்றுகளிலிருந்து கோயிலுக்குப் போயின. பற்றுகளின் தலைமையில் வன்னிபங்கள் இருந்தார்கள். ஓர் ஊர் எந்தப் பற்றைச் சேர்ந்தது என்பதை அது யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதே தீர்மானித்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டிய பிறகும் பற்றுகள் அழியவில்லை. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அதே பிரிவுகளை வைத்துத்தான் வரி வாங்கினார்கள், தலைமைக்காரரை நியமித்தார்கள். கோயில் என்ற மையம் போன பிறகும் பற்று உயிரோடிருந்ததற்குக் காரணம் அதன் அடியில் வேறொரு கட்டு இருந்ததுதான். அது குளம்.

கட்டுக்குளம்பற்றின் உட்பக்கம் சிறு குளங்களின் நாடு. இந்தக் கரையில் மழை வாடைக்காற்றோடு வருகிறது. மாரியில் கொட்டும் தண்ணீரைத் தேக்கி வைக்காவிட்டால், கச்சான் அடிக்கும் மாதங்களில் மண் வெடித்துவிடும். ஆகவே பயிர்ச்செய்கை ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. போகம் தொடங்குமுன் குளத்துக் கூட்டம் கூடும். விதைக்கும் நாள், வேலி அடைக்கும் நாள், மாடுகளை வயற்கரையிலிருந்து அப்புறப்படுத்தும் நாள், மதகு திறக்கும் நாள் எல்லாம் அங்கே முடிவாகும். முடிவை நடத்தி வைக்கும் பொறுப்பு வட்டவிதானைக்கு. முதலில் விதைத்தவன் தலைமதகுக்குக் கிட்ட வயல் வைத்திருந்தாலும் அவன் இஷ்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது. கடைக்கண்டக்காரனின் வயல் நனைந்ததா என்று பார்த்தாக வேண்டும். தமிழ் ஊர்க் குளத்திலும் முஸ்லிம் ஊர்க் குளத்திலும், பற்றின் மேற்கே குமாரங்கடவை பக்கத்துக் காட்டோரங்களில் நெடுங்காலமாகக் குடியிருந்த சிங்கள ஊர்களின் குளங்களிலும் இந்த ஒழுங்கு ஒன்றே. பெயர்கள் வேறாயிருக்கலாம், சாமிகள் வேறாயிருக்கலாம். தண்ணீர்ச் சட்டம் ஒன்று. குடியேற்றத்திட்டங்களுக்கு முன்பிருந்தே அந்தச் சிங்கள ஊர்கள் பற்றின் பகுதி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களை நேற்று வந்தவர்கள் என்று தள்ளும் தமிழ் எழுத்தும், கல்லைக் காட்டி மற்றவர்களைத் தள்ளும் எழுத்தும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன.

கடற்பக்கத்தில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். கரைவலை ஒரு சம்மாட்டியின் சொத்து. ஆனால் அதை இழுக்க முப்பது நாற்பது பேர் வேண்டும். தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையில் இரு அணியாக நின்று இழுப்பார்கள். மடி கரை சேர மணிக்கணக்காகும். மீன் விற்ற காசில் செலவு கழித்து வலைக்காரருக்கு ஒரு பகுதி, இழுத்தவர்களுக்கு ஒரு பகுதி. எந்தப் பாட்டில் எந்த வலை எப்போது விழும் என்பதற்கும் முறை உண்டு. அதைவிட முக்கியம் பருவகால இடமாற்றம். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சித்திரை வாக்கில் இந்தக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்கி, வாடைக்காற்று எழும்பும்போது திரும்பிவிடுவார்கள். பல தலைமுறையாக நடந்த வழக்கம் இது. வந்தவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். அவர்களில் பலரின் முன்னோர் தமிழ் பேசியவர்கள். ஊராருக்கும் வாடிக்காரருக்கும் சண்டையே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டைக்கும் ஓர் எல்லை இருந்தது. வருகிறவன் பருவம் முடிந்தால் போய்விடுவான் என்ற நம்பிக்கையும், கரையில் யார் வாடி போடலாம் என்பதை ஊர் தீர்மானிக்கும் என்ற ஒப்புதலும் இருந்தன. பின்னாளில் வாடிகள் படைப்பாதுகாப்போடு நிரந்தரமானபோது கசப்புக்கு ஆளானது இந்த ஒப்புதலே.

பற்றிலிருந்து மாகாணத்துக்கு வருவோம். கிழக்கு மாகாணம் என்பது 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து ஆங்கிலேயர் இலங்கையை ஐந்து மாகாணமாக்கியபோது பிறந்தது. அப்போது தமன்கடுவையும் அதற்குள் இருந்தது; 1873இல் வடமத்திய மாகாணம் உண்டானபோது அது வெளியே போனது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. இதைக் காட்டிச் சிலர் கேட்பார்கள்: வெள்ளைக்காரன் போட்ட கோட்டுக்குள் என்ன அடையாளம் இருக்கப் போகிறது? அது நிர்வாக வசதி, அவ்வளவுதானே? கேள்வி நியாயமானது. ஆனால் கோட்டின் பிறப்பு செயற்கையானது என்பதால் அதற்குள் வளர்ந்த உறவும் செயற்கை என்று ஆகிவிடாது. இதற்கு உலகில் தெளிவான உதாரணம் அதே ஆங்கிலேயர் கீறிய இன்னொரு எல்லைதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜேர்மனியின் மேற்கே தமக்குக் கிடைத்த பகுதியில், 1946 ஆகஸ்ட் 23ஆம் தேதி, ஒரு கட்டளையால் ரைன்லாந்தின் வடபாதியையும் வெஸ்ட்பாலியாவையும் ஒட்டி வட ரைன்–வெஸ்ட்பாலியா என்ற மாநிலத்தை உண்டாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் லிப்பே என்ற குட்டிப் பிரதேசமும் சேர்க்கப்பட்டது. கொலோன் நகரின் திருவிழாக் களிப்பில் ஊறிய ரைன்லாந்தாரும், பேச்சைக் குறைத்து வேலையைப் பார்ப்பவர்கள் என்று பெயரெடுத்த வெஸ்ட்பாலியரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தே வளர்ந்தவர்கள். இரு பக்கத்துக்கும் குறுக்கே ரூர் நிலக்கரி வயல். அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து போலிஷ் மொழி பேசும் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். போருக்குப் பின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மனியர் வந்தார்கள். துருக்கியோடு செய்த 1961 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியர் வந்தார்கள்.

இந்தக் கலவையைத் தனி மாநிலமாக்கியது ஓர் ஆதிக்கதை இல்லை. மாநிலச் சின்னத்தையே பாருங்கள்: ரைன் நதி, வெஸ்ட்பாலியக் குதிரை, லிப்பே ரோஜா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், எதையும் மற்றொன்றுக்குள் கரைக்கவில்லை. சுரங்கத்துக்குள் பக்கத்தில் நிற்பவனின் மொழியைவிட அவன் தூணைச் சரியாக நிறுத்தினானா என்பது பெரிதாயிருந்தது. அந்த வாழ்க்கையிலிருந்து ரூர் மக்களுக்கென்று ஒரு பேச்சும் பெருமையும் உண்டாயின. கடைசிக் கரிச்சுரங்கம் 2018 டிசம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்டபோது மாநிலம் முழுவதும் அதைத் தன் துக்கமாகக் கொண்டது. நம்மவர்களும் அந்தக் கலவையில் சேர்ந்துவிட்டார்கள். ஹம் நகரில் ஈழத்து அகதிகள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர், வெஸ்ட்பாலியத் தெருவில் ஆண்டுதோறும் ஓடுகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் கோட்டைப் போட்டுவிட்டார்கள் என்று அங்கே விட்டுவிடவில்லை. 1950 ஜூன் 18இல் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பு மக்கள் வாக்குக்கு விடப்பட்டு, அவர்களின் சம்மதத்தோடு நடைமுறைக்கு வந்தது. கோடு அந்நியர் போட்டது. கையெழுத்து ஊரார் போட்டது. கிழக்கு மாகாணத்தாருக்கு அந்தக் கையெழுத்து இன்றுவரை மறுக்கப்பட்டிருக்கிறது. 1833இல் யாரும் கேட்கவில்லை, அது காலனிக் காலம். 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டு, 1988 முடிவுக்குள் கிழக்கு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். அது ஆண்டுக்காண்டு தள்ளிப்போடப்பட்டு நடக்காமலே போனது. 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிந்தன. இணைத்ததும் கேட்காமல், பிரித்ததும் கேட்காமல். இணைப்பு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் கிழக்கு மக்களின் மனத்தைத் தாங்கள் அறிந்ததாகப் பேசுகிறார்கள். அந்த மனம் வாக்குப்பெட்டியில் ஒருதரமும் எண்ணப்பட்டதில்லை.

கேட்கப்படாத மக்களின் நிலம் எப்படி மாற்றப்பட்டது என்பதைக் குடிசனக் கணக்கு சொல்லும். 1881இல் திருகோணமலை மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் பெரும்பகுதி தமிழர், கால்வாசி முஸ்லிம்கள், இருபதில் ஒருவருக்கும் குறைவாகச் சிங்களவர். 1981இல் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. மூன்று சமூகமும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. 2012இல் 3.8 லட்சம் வரை. முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதளவில் முதலிடம், தமிழர் முப்பதளவில், சிங்களவர் இருபத்தேழளவில். இந்த மாற்றம் எல்லாம் இயற்கைப் பெருக்கம் அல்ல. கந்தளாய், அல்லை, மொறவெவ, பதவிசிறிபுர என்று அரசு நீர்ப்பாசனத் திட்டங்களோடு குடியேற்றங்களைச் சேர்த்து நடத்தியது. நிலமற்ற விவசாயிக்கு நிலம் கொடுப்பது நல்ல காரியம்தானே என்ற வாதத்தில் உண்மை உண்டு. வந்து குடியேறிய குடும்பம் ஏழைக் குடும்பம், அதன்மீது குற்றமில்லை. பிழை வேறு. யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று தீர்மானித்த மேசையில் பற்றின் மக்கள் இருக்கவில்லை. 1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை குடியேற்ற அதிகாரத்தைப் பிரதேச சபைகளிடம் கொடுக்க இணங்கியது. அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. குளத்துக் கூட்டத்தில் தண்ணீரைப் பேசித் தீர்த்தவர்களிடமிருந்து நிலத்தைப் பேசித் தீர்க்கும் உரிமை அன்றோடு கைநழுவிப் போனது.

இந்த இடத்தில் கடுமையான ஆட்சேபம் வரும். குளத்து ஒழுங்கும் கரைவலைப் பங்கும் உண்மையிலேயே மக்களைக் கட்டியிருந்தால், 1985இல் திரியாயில் வீடுகள் எரிந்தது எப்படி? தென்னமரவடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு ஓடியது எப்படி? 1990இல் கிழக்கு முழுவதும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் இரத்தத்தை ஒருவர் கண்டது எப்படி? காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதை எந்தக் குளத்துக் கூட்டம் தடுத்தது? இதற்கு மழுப்பலான விடை சொல்லக்கூடாது. உறவுகள் தடுக்கவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் வட்டவிதானை என்ன செய்வார்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வன்முறைகள் நடந்த வரிசை, பற்றின் உள்ளிருந்து எழுந்த சண்டையின் வரிசை அல்ல. அரசபடையும், ஊர்காவல் என்று ஆயுதம் கொடுக்கப்பட்டவர்களும், இயக்கங்களும் முதலில் ஊரைச் சமூக வாரியாகப் பிரித்தார்கள். பிறகுதான் அயலவன் அயலவனுக்கு அஞ்சினான். உறவு பொய்யாயிருந்தால் அதை உடைக்க இவ்வளவு ஆயுதம் தேவைப்பட்டிருக்காது. வருடக்கணக்கில் முகாம்களில் கிடந்த திரியாய் மக்களும், போர் முடிந்த பின் தென்னமரவடிக்காரரும் காடு மண்டிய காணிக்கே திரும்பி வந்தார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வந்தது ஆயிரம் ஆண்டுப் பழைய கல் அல்ல. தகப்பன் வெட்டிய வரம்பும் தாய் வைத்த தென்னையும்.

தமிழ் வாசகருக்குச் சங்கடமான இன்னொரு கேள்வியையும் விட்டுவிட முடியாது. தமிழரசுக் கட்சி 1956 ஆகஸ்டில் தன் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டித் தமிழ் பேசும் மக்களின் கோரிக்கைகளை வகுத்தது. குச்சவெளி முஸ்லிமும் திரியாய்த் தமிழரும் ஒரே மொழியில் கனவு காண்பவர்கள் என்பதால் அந்தச் சொற்றொடர் கிழக்குக்கு இயல்பாகப் பொருந்தியது. பின்னர் நடந்ததைப் பார்த்தால், மொழி ஒன்றாயிருப்பது போதுமென்று தமிழ் அரசியல் நம்பிவிட்டது தெரிகிறது. முஸ்லிம்களின் காணியும் பாதுகாப்பும் தனிக் கேள்விகள் என்பதை அது காலத்தில் காணவில்லை. 1981இல் அஷ்ரப் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். இதனால் மொழி உறவு பொய் என்று ஆகாது. கிழக்கின் அடையாளம் ஒரு சமூகத்தின் பெயருக்குள் அடங்காது என்பதே இதன் பொருள். 2008க்குப் பின் கிழக்கு மாகாணசபையின் முதலமைச்சர்களாகத் தமிழரும் முஸ்லிம்களும் இருந்திருக்கிறார்கள். ஆட்சியில் குறைகள் நிறைய. ஆனாலும் மூன்று சமூகத்தின் பிரதிநிதிகளும் ஒரே சபையில் இருந்து பாதையும் பாடசாலையும் பற்றி வாதாடிய அந்த ஒன்பது ஆண்டுகள், நவீன காலத்தில் குளத்துக் கூட்டத்துக்கு மிகக் கிட்டிய ஏற்பாடு.

இன்று கற்கள் மறுபடி பேசவைக்கப்படுகின்றன. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமையிலான அந்தச் செயலணியின் முதல் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. குச்சவெளிப் பிரிவில் தொல்லியல் எல்லைக் கற்கள் நடப்படும்போதெல்லாம் வயற்காரருக்கு நெஞ்சு பதைப்பது இதனால்தான். பழஞ்சின்னங்கள் காக்கப்படவே வேண்டும். திரியாய்க் கல்வெட்டும் குச்சவெளித் தூபிகளும் நிலாவெளிச் சாசனமும் இந்தக் கரை வங்கக் கடலோடு பேசிய காலத்தின் எஞ்சிய குரல்கள். அவை என்ன சொல்கின்றன என்பதை அவற்றின் பக்கத்திலேயே மூன்று மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்: சமஸ்கிருதம் என்று, மகாயானம் என்று, வணிகர் என்று, தமிழ்ப் பௌத்தர் என்று. காக்கும் குழுக்களில் பற்றின் மூன்று சமூகத்தாரும் இருக்க வேண்டும். காணி யாருடையது என்ற வழக்கைத் தொல்லியல் திணைக்களத்திடம் விடாமல், உழுதவர்களின் பதிவேடுகளையும் இடம்பெயர்ந்தவர்களின் உறுதிகளையும் வைத்துத் தீர்க்க வேண்டும். இவற்றைச் செய்யும் அதிகாரத்தில் ஒரு பகுதியாவது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி கிழக்கு மாகாணசபைக்கு உரியது. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் நடத்தப்படவில்லை.